ஆப்ஷன் ஸ்ட்ராடஜி கற்க சந்தா கட்டலாமா? வேலூர், ராணிப்பேட்டை பக்கம் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

#1 சிப்காட்_ஷிஃப்ட்

எல்லோருக்கும் வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, வீடு வாலாஜாவில். பங்கு வாங்கி வைக்கும் பழக்கம் சில வருடங்களாக உண்டு. ஆப்ஷன் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) பக்கம் இதுவரை போனதில்லை.

கூட வேலை செய்கிற நண்பர் ஒரு ஆலோசனைச் சேவையில் சேர்ந்திருக்கிறார். டெலிகிராம் குழுவில் தினமும் இரண்டு மூன்று கால், அதாவது எதை எந்த விலைக்கு வாங்குவது என்ற டிப், வரும். சனிக்கிழமை மாலை ஆன்லைனில் ஸ்ட்ராடஜி வகுப்பு. மாதம் 3,500 ரூபாய், ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 18,000. ஜிஎஸ்டி தனி. இந்த மாதக் கடைசிக்குள் சேர்ந்தால் ஏதோ தள்ளுபடி என்கிறார்கள்.

ஒதுக்கக்கூடிய பணம் 2 லட்சம். யாரோ சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் எண்ணம் இல்லை. ஒரு ஆப்ஷனை விற்று இன்னொன்றை வாங்கும் ஸ்ப்ரெட், ஐயன் காண்டர் என்கிறார்களே, அதையெல்லாம் முறையாகக் கற்க வேண்டும். சந்தா கட்டிக் கற்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கட்டினது தேறியதா?

#2 கோட்டைவாசி

தம்பி, சேவையின் பெயரைக்கூட அப்புறம் பார்க்கலாம், முதலில் செபி (பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு) பதிவு எண்ணைக் கேளுங்கள். ஐஎன்ஹெச் என்று தொடங்கினால் ரிசர்ச் அனலிஸ்ட், ஐஎன்ஏ என்று தொடங்கினால் முதலீட்டு ஆலோசகர். இரண்டும் இல்லாமல் காசு வாங்கிக்கொண்டு கால் கொடுத்தால் அது சட்டப்படி தப்பு. அங்கேயே விட்டுவிடுங்கள்.

எண் இருந்தாலும் வேலை முடியவில்லை. அடுத்தவர் எண்ணைத் தன் குழுவின் முகப்பில் போட்டுக்கொண்டு நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். செபி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதிவானவரின் பெயர், முகவரி, மின்னஞ்சல் எல்லாம் வரும். அந்த மின்னஞ்சலுக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்: "இந்த டெலிகிராம் குழு உங்களுடையதுதானா?" பாதிப் போலிகள் இங்கேயே மாட்டிக்கொள்ளும். பணம் யார் கணக்குக்குப் போகிறது என்றும் பாருங்கள். பதிவானவர் பெயர் ஒன்று, ஜிபே பண்ணச் சொல்கிற பெயர் வேறு என்றால் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

2022ல் காட்பாடியில் மாதாமாதம் வட்டி தருகிறோம் என்று கூட்டம் சேர்த்தவர்கள் கதையை நம் ஊரில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கும் "கூட வேலை செய்கிறவர் சேர்ந்திருக்கிறார்" என்று நம்பித்தான் பாதிப் பேர் போட்டார்கள்.

#3 குடியாத்தம்_தறி

எல்லோரும் பயமுறுத்துவதற்குள் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடுகிறேன். போன வருடம் பெரும்பகுதி நான் ஒரு சேவையில் இருந்தேன். கொடுத்த காசுக்குக் கற்றேன் என்றுதான் சொல்வேன்.

ஆனால் அவர்கள் தினசரி கால் தருகிற வகை இல்லை. ஞாயிறு மாலை ஒரு பிடிஎஃப் வரும். இந்த வாரம் எந்த ஸ்ப்ரெட், ஏன் இந்த ஸ்ட்ரைக் (ஒப்பந்தத்தில் குறித்த விலை), அதிகபட்சம் எவ்வளவு போகும், நிஃப்டி குறியீடு எந்த இடத்துக்கு வந்தால் வெளியே வந்துவிட வேண்டும் என்று எல்லாம் முன்கூட்டியே எழுதியிருக்கும். வாரம் முடிந்ததும் நடந்தது என்ன என்று இன்னொரு பக்கம் வரும். நஷ்டமான வாரத்தில் அந்தப் பக்கம் இன்னும் நீளமாக இருக்கும். முதலில் பணம் போடாமல் நோட்டில் எழுதி எழுதிப் பார்த்தேன். தீட்டா (நாள் போகப்போக ஆப்ஷன் விலை கரைவது) என்றால் என்ன, ஐவி (சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கம்) ஏறினால் பிரீமியம், அதாவது ஆப்ஷன் விலை, என்ன ஆகும் என்பதெல்லாம் அப்படித்தான் பிடிபட்டது.

ஐவி சரியாகப் புரிந்தது 2024 தேர்தல் முடிவு வாரத்தில். ஜூன் 4 அன்று நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. மறுநாள் 700 புள்ளிக்கு மேல் ஏறியது. ஏறும் என்று கணித்து 4ஆம் தேதி தூரத்து ஸ்ட்ரைக்கில் கால் ஆப்ஷன் (சந்தை ஏறினால் லாபம் தரும் வகை) வாங்கியவர்கள் கணிப்பு சரிதான். ஆனால் ஏறிய அந்த 5ஆம் தேதியே இந்தியா விக்ஸ் (சந்தையின் பதற்றத்தை அளக்கும் குறியீடு) மடமடவென்று இறங்கியதால் சந்தை ஏறிய அளவுக்குப் பிரீமியம் ஏறவில்லை. திசை சரி, பணம் வரவில்லை. இதை எந்தப் புத்தகத்தில் படித்திருந்தாலும் அந்த அளவுக்கு உறைத்திருக்காது.

எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், கடையில் லுங்கி வாங்குவது வேறு, தறியில் உட்காருவது வேறு. உங்கள் நண்பர் சேர்ந்திருப்பது எது என்று பாருங்கள்.

#4 கிரீன்சர்க்கிள்_டிராபிக்

தினசரி கால் என்றாலே எனக்கு ஒரு கணக்கு சொல்லியாக வேண்டும். ஒரு கால் எப்படி வரும்?

"நிஃப்டி 26000 கால், 110க்கு மேல் வாங்கவும். எஸ்எல் 85. டார்கெட் 140, 170, 200."

எஸ்எல் என்றால் ஸ்டாப் லாஸ், நஷ்டத்தை நிறுத்த விற்றுவிடும் விலை. மெசேஜ் வரும்போது விலை 108. குழுவில் ஆயிரக்கணக்கில் ஆட்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்வதால், அல்லது மெசேஜ் வருவதற்கு முன்பே நகர்வு தொடங்கிவிட்டதால், நீங்கள் ஆப்பைத் திறந்து ஆர்டர் போடும்போது 121. சரி, போடுகிறீர்கள். எஸ்எல் அதே 85. அவர்கள் கணக்கில் ரிஸ்க் 25 ரூபாய், முதல் டார்கெட்டுக்கு 30 ரூபாய் லாபம். உங்கள் கணக்கில் ரிஸ்க் 36, லாபம் 19. லாட் (ஒரு முறைக்கு வாங்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) 75 என்றால் போனால் 2,700, வந்தால் 1,425.

140 தொட்டுவிட்டுக் கீழே வருகிறது. குழுவில் "முதல் டார்கெட் ஹிட், வாழ்த்துகள்" என்று பட்டாசுப் படம் விழும். 140ல் விற்காமல் 170க்குக் காத்திருந்து எஸ்எல்லில் மாட்டியவன் எந்தக் கணக்கிலும் வரமாட்டான். அவர்கள் சொன்ன 'வெற்றி விகிதத்தில்' அது வெற்றி. ஒரே கால், ஒரே நாள், குழுவுக்கு லாபம், உறுப்பினருக்கு நஷ்டம். இதில் யாரும் பொய்கூடச் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை.

#5 காட்பாடி_ஜங்ஷன்

அண்ணா, 2 லட்சம், ஸ்ப்ரெட், பிடிஎஃப் எல்லாம் எதுக்கு. செவ்வாய்க்கிழமை, ஒப்பந்தம் முடியற எக்ஸ்பைரி அன்று மதியம் ரெண்டு மணிக்கு மேல 3 ரூபாய்க்குக் கிடைக்கிற ஆப்ஷன் வாங்கிப் போடுங்க. போனா சில நூறு, வந்தா ஆயிரங்கள். ஹாஸ்டல்ல பாதிப் பேர் இதுதான் பண்றோம்.

#6 கிரீன்சர்க்கிள்_டிராபிக்

தம்பி, ஹாஸ்டலில் வந்தவன் கதையைத்தான் கேட்டிருப்பாய். மிச்சப் பேருடைய புரோக்கர் ஸ்டேட்மென்டை ஒரு தடவை வாங்கிப் பார்.

#7 பாலாறு_செல்லர்

விஷயத்துக்கு வருவோம். நான் ஆப்ஷன் விற்கிறவன், பெரும்பாலும் ஹெட்ஜ் (நஷ்டத்துக்குத் தடுப்பாக வாங்கும் ஆப்ஷன்) வைத்துத்தான். சிப்காட் தம்பி ஸ்ட்ராடஜி கற்க வேண்டும் என்று கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எந்த வகுப்பிலும் முதல் பாடம் புல் புட் ஸ்ப்ரெட்டாகத்தான் இருக்கும். நிஃப்டி 26,000ல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25,800 புட்டை (சந்தை இறங்கினால் வாங்கியவருக்கு லாபம் தரும் ஆப்ஷன்) 62க்கு விற்கிறீர்கள், 25,600 புட்டை 27க்கு வாங்குகிறீர்கள். கையில் நிற்பது 35 ரூபாய். லாட் 75க்கு 2,625. நிஃப்டி 25,800க்கு மேல் முடிந்தால் அது முழுக்க உங்களுக்கு. 25,765க்குக் கீழே போனால் நஷ்டம் ஆரம்பம். 25,600க்குக் கீழே முடிந்தால் 200ல் 35 போக 165 ரூபாய், அதாவது 12,375 போகும். அதற்கு மேல் போகாது, அதுதான் ஹெட்ஜின் வேலை. (2025 டிசம்பர் எக்ஸ்பைரி முடிந்ததும் நிஃப்டி லாட் 65 ஆனது. கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.)

"எங்கள் ஸ்ட்ராடஜி பத்தில் எட்டு முறை ஜெயிக்கும்" என்று சேவைக்காரர் சொல்வார். நம்புவோம். எட்டு முறை 2,625 என்றால் 21,000 வரவு. இரண்டு முறை 12,375 என்றால் 24,750 செலவு. பத்தில் எட்டு ஜெயித்தும் 3,750 நஷ்டம். இந்த ஸ்ப்ரெட்டில் கையைக் கடிக்காமல் இருக்கவே நூற்றுக்கு எண்பத்திரண்டரை தடவை ஜெயிக்க வேண்டும். அப்படியானால் கற்க வேண்டியது எதை? தோற்கிற அந்த இரண்டு முறையும் முழு 12,375 போகும்வரை உட்காராமல், ஐந்தாயிரத்திலோ ஆறாயிரத்திலோ எப்படி வெளியே வருவது என்பதை. ஸ்ட்ரைக் தேர்வு பத்து நிமிடப் பாடம். வெளியே வருவதுதான் முழுப் பாடம். அதைச் சொல்லித்தராத வகுப்பு எத்தனை ஸ்ட்ராடஜி பெயர் சொன்னாலும் பயனில்லை. ஐயன் காண்டர் என்பது இதே கணக்கை மேலேயும் கீழேயும் போடுவதுதான். பெயரைப் பார்த்து மலைக்க வேண்டாம்.

ஆர்டர் போடும் வரிசையும் யாரும் சொல்வதில்லை. முதலில் வாங்க வேண்டிய ஆப்ஷனை வாங்குங்கள், அப்புறம் விற்க வேண்டியதை விற்றுவிடுங்கள். முதலில் விற்றால் ஹெட்ஜ் இல்லாத நிஃப்டி லாட்டுக்கு 2 லட்சத்தை ஒட்டி மார்ஜின் (பிணைப்பணம்) கேட்கும், உங்கள் கணக்கில் ஆர்டரே ரிஜெக்ட் ஆகலாம். வெளியே வரும்போது நேர் எதிர்: விற்றதை முதலில் திருப்பி வாங்கிவிட்டுத்தான் ஹெட்ஜை விற்க வேண்டும். அவசரத்தில் ஹெட்ஜை முதலில் விற்று மார்ஜின் பற்றாக்குறை அபராதம் கட்டியவர்கள் நிறையப் பேர். மொத்த ஸ்ப்ரெட்டுக்கு எவ்வளவு மார்ஜின் என்பதை உங்கள் புரோக்கரின் கால்குலேட்டரில் அன்றைக்கே போட்டுப் பாருங்கள், தினமும் மாறும். எக்ஸ்பைரி அன்று விற்ற இண்டெக்ஸ் ஆப்ஷனுக்குக் கூடுதலாக 2 சதவீதம் மார்ஜின் பிடிப்பதும் 2024 நவம்பரிலிருந்து இருக்கிறது.

கடைசியாகச் சந்தா. 18,000 வீதம் வருடத்துக்கு 36,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 42,480. உங்கள் முதல் 2 லட்சம். அதாவது வருடத்துக்கு 21 சதவீதம் சம்பாதித்தால்தான் சந்தாவே தேறும். 20 லட்சம் வைத்திருப்பவனுக்கு அதே சந்தா 2 சதவீதம் சொச்சம். இதே சேவை அவனுக்கு மலிவு, உங்களுக்கு யானை விலை. சேவை நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குப் போகும் முன்பே இந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது.

#8 குடியாத்தம்_தறி

பாலாறு சார் சொன்ன கடைசிக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் முழுசாக இல்லை. படிப்புச் செலவை முதலுக்கு வட்டி மாதிரி போட்டுப் பார்ப்பது சரியா? ஒரு முறை கற்றுக்கொண்டால் அடுத்த வருடம் சந்தா வேண்டாமே. நானும் இப்போது கட்டுவதில்லை.

#9 பாலாறு_செல்லர்

நீங்கள் வெளியே வந்துவிட்டீர்கள், சரி. கால் வாங்கிப் பழகியவர்கள் வெளியே வருவதில்லை. தானாக ஒரு ஸ்ட்ரைக்கைத் தேர்ந்தெடுக்கவே கை நடுங்கும். ஒரு சேவையில் நஷ்டம் என்றால் இன்னொரு சேவை தேடுகிறார்கள். ஒரு வருடத்துக்குள் தன்னை விட்டு விலகிப்போகும் அளவுக்குக் கற்றுத்தரும் சேவை உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. சிப்காட் தம்பி சொல்வது, தினமும் மூன்று கால், சனிக்கிழமை ஒரு மணி நேரம் வகுப்பு. அதில் வகுப்பு ஓர் அலங்காரம் மாதிரிதான் தெரிகிறது.

#10 [நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர் குறிப்பு: "தினம் 5 ஆயிரம் உறுதி, லாபத்தில் 20 சதவீதம் கொடுத்தால் போதும், ஐடி பாஸ்வேர்ட் கொடுத்தால் நாங்களே டிரேட் செய்து தருகிறோம்" என்ற பதிவு நீக்கப்பட்டது. கணக்கு முடக்கப்பட்டது. தயவுசெய்து அந்த எண்ணுக்கு யாரும் அழைக்க வேண்டாம்.

#11 கோட்டைவாசி

நல்ல வேளை, பாடம் எடுக்க உதாரணம் தானாக வந்து விழுந்தது. அந்த மூன்று வாக்கியத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியாக விதிமீறல். பதிவான ரிசர்ச் அனலிஸ்ட் லாபத்துக்கு உறுதி தரக் கூடாது. கட்டணம் வாங்கலாம், லாபத்தில் பங்கு கேட்கக் கூடாது. உங்கள் லாகின், ஓடிபி கேட்கவே கூடாது. கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: தனிநபர் வாடிக்கையாளர் என்றால் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 1,51,000 ரூபாய். முன்பணமாக ஒரு வருடத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. "வாழ்நாள் சந்தா 25,000" என்று பார்த்தால் என்ன முடிவுக்கு வர வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சேரும்போது கேஒய்சி கேட்பார்கள், நிபந்தனைகளில் கையெழுத்து கேட்பார்கள். சலித்துக்கொள்ளாதீர்கள், அதைக் கேட்காதவர்களிடம்தான் பயப்பட வேண்டும்.

#12 பாகாயம்_மேடு

இடையில் ஒரு கேள்வி. யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் 'வீல்' என்று ஒன்று சொல்கிறார்கள். புட் விற்று, பங்கு கைக்கு வந்தால் அதன் மேல் கால் விற்று, வாரா வாரம் பிரீமியம் வாங்குவது. அங்கே ஒரு சேவை மாதம் 50 டாலருக்கு இதைக் கற்றுத்தருகிறது. நம்மூரில் செய்யலாமா?

#13 பாலாறு_செல்லர்

பாடமாகப் படிக்கலாம், அப்படியே இங்கே போட முடியாது. அங்கே ஒரு கான்ட்ராக்ட் 100 பங்கு, நிறையப் பங்குகளுக்கு வாராந்திர ஆப்ஷன் இருக்கிறது. இங்கே பங்கு ஆப்ஷன் மாதத்துக்கு ஒன்றுதான். வாராந்திரம் என்பது என்எஸ்இயில் நிஃப்டிக்கும் பிஎஸ்இயில் சென்செக்ஸுக்கும் மட்டும். லாட் அளவும் பெரிது, ஒரு லாட் பங்கை உண்மையிலேயே வாங்க லட்சக்கணக்கில் வேண்டும்.

பங்கு ஆப்ஷனில் இன்னொரு பொறி: எக்ஸ்பைரி அன்று ஆப்ஷன் லாபப் பக்கம் (இன்-தி-மனி) முடிந்தால் காசாகத் தீர்க்க மாட்டார்கள், பங்காகத்தான் தீர்வு. அதனால் கடைசி நாட்களில் மார்ஜின் நாளுக்கு நாள் ஏறும். வெறும் புட் வாங்கியவன்கூட பங்கு கையில் இல்லாமல் டெலிவரி கொடுக்க வேண்டிய நிலையில் மாட்டலாம். தெரியாதவர்கள் எக்ஸ்பைரிக்கு முன்பே வெளியே வந்துவிடுவது நல்லது. இங்கிருந்து பணம் அனுப்பி அங்கேயே மார்ஜின் வைத்து ஆப்ஷன் விற்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டம்) விதியில் வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கு மார்ஜின் கட்டப் பணம் அனுப்ப அனுமதி இல்லை.

#14 சிப்காட்_ஷிஃப்ட்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பதில் எதிர்பார்க்கவில்லை. பதிவு எண் வாங்கிப் பார்த்தேன், ஐஎன்ஹெச் எண் செபி தளத்தில் இருக்கிறது. மின்னஞ்சல் போட்டேன், ஆமாம் எங்கள் குழுதான் என்று பதில் வந்தது. ஆக, போலி இல்லை.

எனக்கு இன்னொரு சிக்கல். பகல் ஷிஃப்ட் வாரத்தில் கேட்டிலேயே போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பிளான்ட்டுக்குள் போன் தடை. சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனுக்குக்கூட எடுத்துப்போக முடியாது. நைட் ஷிஃப்ட் வாரத்தில் காலை ஒன்பதேகாலுக்குச் சந்தை திறக்கும்போது தூக்கம் கண்ணைக் கட்டும்.

#15 கிரீன்சர்க்கிள்_டிராபிக்

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நான் 121 ரூபாய்க் கணக்கெல்லாம் போட்டிருக்க மாட்டேன்! பத்து மணிக்கு வந்த காலை மூன்றரைக்கு லாக்கரில் இருந்து எடுத்துப் படித்து என்ன செய்வது. தினசரி கால் உங்களுக்குப் பொருந்தாது, எவ்வளவு நேர்மையான சேவையாக இருந்தாலும் சரி. எஸ்எல் போடாமல் ஷிஃப்டுக்குப் போக வேண்டியிருக்கும். ஆப்ஷனில் அது வேறு யாருக்கோ பணத்தை எடுத்துவைத்துவிட்டுப் போவதுதான்.

#16 குடியாத்தம்_தறி

கிரீன்சர்க்கிள் சொல்வது சரி. அப்படியென்றால் முந்தின நாள் இரவே திட்டமிடக்கூடிய, அதிகபட்ச நஷ்டம் போடும்போதே தெரிகிற ஸ்ப்ரெட் மட்டும்தான் உங்களுக்கு. வாராந்திரம்கூட வேண்டாம், மாதாந்திர நிஃப்டியில் பாருங்கள், மெதுவாக நகரும். இரண்டு மூன்று மாதம் பேப்பரில். அந்தக் காலத்துக்கு யாருக்கும் சந்தா தேவையில்லை. செபியின் பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம்மின் எட்டாம் தொடர், ஈக்விட்டி டெரிவேட்டிவ்ஸ் தேர்வுக்கான புத்தகம் இலவசமாகவே தரவிறக்கலாம். ஆங்கிலத்தில் ஜெரோதா வர்சிட்டியின் ஆப்ஷன் பாடங்களும் இலவசம். அதைப் படித்துவிட்டு வகுப்பில் உட்கார்ந்தால்தான் கேள்வி கேட்கவே தெரியும்.

#17 காட்பாடி_ஜங்ஷன்

எல்லாரும் சேர்ந்து பயமுறுத்தறீங்களே. யாருமே ஆப்ஷன்ல சம்பாதிக்கலையா?

#18 கோட்டைவாசி

சம்பாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள், தம்பி. எத்தனை பேர் என்று செபியே எண்ணிச் சொல்லியிருக்கிறது. 2024 செப்டம்பரில் வந்த ஆய்வில், 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர், ஆப்ஷன் வணிகம்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தமாக 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செலவெல்லாம் போக 1 லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதம்தான். 2025 ஜூலையில் அடுத்த வருடக் கணக்கு வந்தது: 91 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.05 லட்சம் கோடி. எதிர்ப்பக்கம் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், இதே ஜூலையில் ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது செபி போட்ட இடைக்கால உத்தரவைத் தேடிப் படி. 4,843 கோடி ரூபாயை முடக்கச் சொன்னார்கள். அந்த நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீட்டுக்குப் போனது, அது தனி. எக்ஸ்பைரி நாள் மதியம் உன் 3 ரூபாய் ஆப்ஷனை யார் விற்கிறார்கள் என்றாவது அதில் ஓரளவு புரியும்.

#19 ஆம்பூர்_கணக்குப்பிள்ளை

தாமதமாக வருகிறேன், தோல் கம்பெனியில் ஷிப்மென்ட் நேரம். நான் டிரேடர் இல்லை, டிரேடர்களின் கணக்கைப் பார்க்கிறவன். ஒன்று மட்டும் சொல்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் கொண்டுவருவது டெலிகிராம் ஸ்கிரீன்ஷாட். நான் கேட்பது புரோக்கரின் டாக்ஸ் பிஅண்ட்எல் (வரிக்கான லாப நஷ்டக் கணக்கு). இரண்டையும் அருகருகே வைத்ததும் முகம் மாறும். சந்தா கட்டியவர்கள் யாரும் சந்தாவை அந்த நஷ்டக் கணக்கில் சேர்த்துப் பார்த்ததே இல்லை. அது ஜிபே வரலாற்றில் எங்கேயோ தனியாகக் கிடக்கும்.

தினசரி கால் ஆட்களுக்கு இன்னொன்று. ஆர்டருக்கு 20 ரூபாய் என்று சாதாரணமாகத் தெரியும். நாளுக்கு மூன்று கால், வாங்கி விற்க ஆறு ஆர்டர், 120 ரூபாய், மேலே ஜிஎஸ்டி. மாதத்தில் இருபது நாள் சந்தை என்றால் ஜிஎஸ்டி சேர்த்து 2,832. சந்தாவுக்குச் சமமாக புரோக்கருக்கும் ஒரு சந்தா. ஆப்ஷன் விற்கும்போது பிரீமியத்தில் பிடிக்கும் எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) 2024 அக்டோபரில் 0.0625 சதவீதத்திலிருந்து 0.1 ஆக ஏறியது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#20 சிப்காட்_ஷிஃப்ட்

இன்னொரு தகவல். சேவைக்காரரிடம் போன மூன்று மாதத்தில் கொடுத்த எல்லா காலும், நஷ்டமானதும் சேர்த்து, தேதி நேரத்தோடு தர முடியுமா என்று கேட்டேன். லாபமான நாட்களின் ஸ்கிரீன்ஷாட் ஒரு பத்து அனுப்பினார்கள். மறுபடி கேட்டதற்கு "சேர்ந்த பிறகு குழுவில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். வகுப்புக்கு மட்டும் தனியாகக் கட்டணம் உண்டா என்றேன், இல்லையாம்.

தெரியாமல் கேட்கிறேன், வகுப்பு மட்டும் எடுக்கிறவர்களிடம் சேர்ந்தால் இந்தத் தொல்லை இல்லையே? அவர்களுக்குப் பதிவு வேண்டாம் என்கிறார்களே.

#21 கோட்டைவாசி

வேண்டாம், ஆனால் கல்வி என்ற எல்லைக்குள் நிற்க வேண்டும். 2025 ஜனவரியில் செபி அதற்கு ஒரு கோடு போட்டது. பாடம் மட்டும் நடத்துகிறவர் குறிப்பிட்ட பங்கைப் பற்றிப் பேசவோ காட்டவோ போன மூன்று மாத விலையைப் பயன்படுத்தக் கூடாது என்று அப்போது சொன்னது. பழைய விலையை வைத்துத்தான் உதாரணம் சொல்லலாம். "லைவ் மார்க்கெட் வகுப்பு" என்று போஸ்டர் ஒட்டி, இன்றைய சார்ட்டைத் திறந்து வைத்து 'படிப்புக்காக மட்டும்' என்று ஓரத்தில் போடுகிறார்களே, அந்த மாதிரி வகுப்பு சத்துவாச்சாரியில் நடந்தாலும் சென்னையில் நடந்தாலும் சேராதீர்கள்.

ஸ்கிரீன்ஷாட் பத்து அனுப்பினார்கள் என்கிறீர்களே, பழைய லாபத்தைக் காட்டி விளம்பரம் செய்வதற்கும் பதிவானவர்களுக்கு 2023 விதிகளில் தடை போட்டார்கள். எண் உண்மையானது, நடத்தை வேறு மாதிரி. செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுக்கலாம், கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

#22 பாலாறு_செல்லர்

நஷ்டத்தையும் சேர்த்த பட்டியலைத் தராதவர்களிடம் எனக்கு வேறு கேள்வி இல்லை. குடியாத்தம் நண்பர் போன சேவை அதை ஞாயிற்றுக்கிழமை தானாகவே அனுப்பியது, இவர்கள் கேட்டும் தரவில்லை. வித்தியாசம் அங்கேயே தெரிகிறது.

#23 சிப்காட்_ஷிஃப்ட்

புரிந்தது. சேரவில்லை. என்ஐஎஸ்எம் புத்தகம் இறக்கிவிட்டேன். ஜனவரி மாத எக்ஸ்பைரிக்கு ஒரு ஸ்ப்ரெட்டை, புது லாட் 65 கணக்கில், பேப்பரில் எழுதி இங்கேயே போடுகிறேன். பாலாறு சார், குடியாத்தம் அண்ணா இருவரும் கிழித்துத் தொங்கவிடலாம்.

ஆம்பூர் சார், ஒரே ஒரு சந்தேகம். என் நண்பருக்கு இந்த வருடம் ஆப்ஷனில் 80 ஆயிரம் வரை நஷ்டம். சம்பளத்தில் பிடிக்கிற வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று குழுவில் யாரோ சொன்னார்களாம். உண்மையா?

#24 ஆம்பூர்_கணக்குப்பிள்ளை

சம்பளத்தில் கழிக்க முடியாது. எஃப் அண்ட் ஓ என்பது வியாபார வருமானம், ஆனால் ஊக வணிகம் என்ற கணக்கில் வராது. அந்த நஷ்டத்தை அதே வருடத்தில் வாடகை, வட்டி மாதிரி வேறு வருமானத்தில் கழிக்கலாம், சம்பளத்தில் மட்டும் கூடாது. மிச்சத்தை எட்டு வருடம்வரை முன்னெடுத்துச் சென்று வியாபார வருமானத்தில் கழிக்கலாம். அதற்குக் கெடு தேதிக்குள் ஐடிஆர் 3 (வியாபார வருமானம் காட்டும் வருமான வரிப் படிவம்) போட்டிருக்க வேண்டும். சம்பளக்காரர் என்று பழக்கத்தில் ஐடிஆர் 1 போட்டுவிட்டால் நஷ்டத்தைக் காட்டவே இடம் இருக்காது. கட்டிய சந்தாவைச் செலவாகக் காட்டலாம், ஜிஎஸ்டி பில் இருந்தால். நண்பரிடம் பில் கொடுத்தார்களா என்று கேளுங்கள், பெரும்பாலும் இருக்காது.